கொட்டை எழுத்துக்கு யார் பொறுப்பு?

ஒரு சங்கதியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தால் அது உண்மையாகிவிடுமா? ஆகாது என்று உடனே சொல்வீர்கள். சரி, ஒரு சின்னச் சோதனை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் யார்? 'செம்மரக் கடத்தல்காரர்கள்' என்று வாயில் வந்து நிற்கிறதல்லவா? உங்களுக்கு அதைச் சொன்னது யார்? எந்த நீதிமன்றமாவது தீர்ப்பு எழுதியதா? பத்திரிகைத் தலைப்பின் தடிமன்தான் சொன்னது. நீங்களும் நம்பினீர்கள்.

செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஆட்கள். ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் கூலிக்குப் போனவர்கள். சாமையும் புளியும் தேனும் வருடம் முழுக்கச் சோறு போடாது. மழை பொய்த்தால் மேஸ்திரி கூப்பிட்ட இடத்துக்குப் போவதுதான் வழி. செம்மரத்துக்கு விலை வைப்பவர்கள் சீனாவிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள். மரத்தை விற்று மாடி கட்டுபவன் நகரத்தில் இருக்கிறான். கோடாரி பிடித்தவனுக்குக் கிடைப்பது கூலி. விற்றவனுக்கும் வெட்டியவனுக்கும் ஒரே பெயர் சூட்டினோமே, அது எந்த ஊர் நியாயம்?

கல்லாலும் கோடாரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பிணங்களுக்குப் பக்கத்தில் கிடந்த கட்டைகளில் பழைய வண்ணமும் எண்களும் இருந்தனவே, அப்போதுதான் வெட்டிய மரமா அது என்று கேட்டவர்களும் உண்டு. கூட வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். இதெல்லாம் செய்தியில் வராமல் இல்லை. வந்தது, உள்பக்கத்தில், பொடி எழுத்தில். மரம் வெட்டியது குற்றமென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சட்டத்தில் சிறை இருக்கிறது. காட்டிலேயே கொல்லச் சொல்லும் பிரிவு எது? காட்டுங்கள், பார்ப்போம்.

ஆங்கிலப் பத்திரிகைகள் சிலவற்றுக்கு லேசாக உறுத்தியது போலிருக்கிறது. கடத்தல்காரர்கள் என்ற சொல்லின் இரு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறி போட்டார்கள். அந்தத் தலைப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். சொல் விரல் தடிமனுக்குக் கறுத்து நிற்கும். அதைச் சந்தேகிக்கும் குறியோ கொசுக்கால் அளவு. குற்றச்சாட்டுக்கு அவ்வளவு மை, ஐயத்துக்கு இவ்வளவுதானா?

இந்தத் தடித்த எழுத்து வானத்திலிருந்து இறங்கியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் லாட்டரி, விளம்பரச் சுவரொட்டிகளுக்காகக் கொழுத்த எழுத்துகளை வார்த்தார்கள். தெருவில் போகிறவனை நிறுத்திக் காசு பிடுங்க! 1845-இல் லண்டன் வார்ப்பகம் ஒன்று 'கிளாரெண்டன்' என்ற எழுத்தை வெளியிட்டது. சாதாரண எழுத்தின் நடுவே தனித்துத் தெரிய அது உதவியது. அகராதிகள் அதைப் பிடித்துக்கொண்டன. தேடுகிற சொல் எங்கே இருக்கிறது என்று காட்டுவது நல்ல வேலை. எதை நம்புவது என்று காட்டும் வேலையை அதற்குக் கொடுத்தது யார்? எழுத்து மனிதன் செய்த கருவி. 1935-இல் பெரியார் 'குடிஅரசு' இதழில் எழுத்துகளையே மாற்றி அச்சிட்டாரே, அந்தத் துணிச்சலின் பொருள் அதுதான். கருவிக்குப் புனிதமும் இல்லை, பாவமும் இல்லை. பிடித்த கைக்குத்தான் பொறுப்பு.

நம் கையைப் பார்ப்போமா? தமிழில் பேசும்போது அழுத்தம் வேண்டுமென்றால் ஓர் ஏகாரம் போதும். சொன்ன வாயும் எதிரிலேயே இருக்கிறது, திருப்பிக் கேட்கலாம். அதே ஆள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடிக்க உட்கார்ந்தால் என்ன ஆகிறது? 'உடனடியாக' போல்டு. 'கண்டிப்பாக' போல்டு, அடிக்கோடு வேறு. கடைசி வரி முழுக்கப் பெரிய எழுத்து, பத்தாததற்குச் சிவப்பு. ஏன்? வாக்கியம் தன் காலில் நிற்கும் என்ற நம்பிக்கை இல்லை, அதனால் குரலை உயர்த்துகிறோம். ஆங்கிலம் சரளமாக வராத கீழ்நிலை ஊழியர் அந்தக் கறுப்பைப் பார்த்தே நடுங்குகிறார் என்பது எழுதியவருக்கும் தெரியும். தெரிந்துதான் போடுகிறார்.

2016-இல் வாட்ஸ்அப் இந்த வசதியை எல்லோர் கையிலும் கொடுத்தது. சொல்லின் இருபுறமும் ஒரு நட்சத்திரக் குறி, அவ்வளவுதான், கொட்டை எழுத்து. அதற்கு முன் ஒரு தலைப்புக்கு ஆசிரியர் என்று ஒருவராவது பதில் சொல்ல இருந்தார். இப்போது? 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி வட மாவட்டங்களில் கைப்பேசி கைப்பேசியாகப் பரவியது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம், போளூரை அடுத்து ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அத்திமூரில் வழி கேட்டது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் திரண்டு அடித்தது. அவர் செத்தார், உடன் வந்தவர்கள் படுகாயம்.

சாமி கும்பிடப் போனவரைச் சாமி காப்பாற்றவில்லையே என்று இந்த இடத்தில் கேட்பது பகுத்தறிவு பேசும் எங்கள் பக்கத்து வழக்கம். நான் கேட்கப்போவதில்லை. அங்கே நின்ற மனிதர்கள் காப்பாற்றியிருக்கலாம். "யார் சொன்னது? எந்த ஊரில் எந்தப் பிள்ளையைக் காணோம்?" என்று ஒரே ஒருவர் உரக்கக் கேட்டிருந்தால்? அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி கட்டுப்பாடு வைத்தது. ஐந்து இடத்துக்கு அனுப்பும் பொய் பரவாயில்லையா? கடத்தல்காரன் என்று மலையிலிருந்து போனவனைச் சொன்னார்கள், மலையடிவாரத்துக்கு வந்தவளையும் சொன்னார்கள். இரண்டு தடவையும் சொல்தான் முந்தியது. சாட்சி பின்னால் வந்தபோது ஆள் உயிரோடு இல்லை.

அழுத்தமே கூடாது என்று நான் வாதாடவில்லை. ஐரோப்பாவில் 2014 டிசம்பரிலிருந்து, உணவுப் பொட்டலத்தின் மூலப்பொருள் பட்டியலில் நிலக்கடலை, பால் போன்ற ஒவ்வாமைப் பொருள்களைத் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். ஒரு குழந்தையின் மூச்சு அதில் இருக்கிறது. அங்கே தடிமன் படிப்பவருக்காக உழைக்கிறது. நம் ஊர்க் கடன் படிவங்களில் பார்த்திருப்பீர்கள்: 'மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்துகொண்டேன்' என்பது கறுப்பாக இருக்கும், ஆங்கிலத்தில். வட்டியும் அபராதமும் எறும்பு ஊர்ந்தது போல. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் முக்கிய விவரங்களைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டு, 2024 அக்டோபர் முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கும் அது பொருந்தும் என்று சொல்ல வேண்டியிருந்தது. தானாக யாரும் செய்யவில்லை.

ஆகவே எழுதுகிறவருக்கும், பகிர்கிறவருக்கும், படித்துத் தலையாட்டுகிற உங்களுக்கும் ஒரு கேள்வி. அந்த ஏப்ரல் மாதத் தலைப்பில் கறுக்க வேண்டிய சொற்கள் எவை? 'என்கிறது போலீஸ்' என்ற இரண்டும்தான். கேட்டால், இடமில்லை என்பார்கள். தலைப்பில் இரண்டு சொல்லுக்கு இடமில்லையாம். இருபது பேருக்கும் குற்றவாளிப் பட்டம் கட்ட மட்டும் இடம் எங்கிருந்து வந்தது?