இழப்பும் ஈடும்

சீகிரியாவைக் காணச் செல்வோரில் பெரும்பாலோர் குன்றின் உச்சியை நோக்கியே விரைகின்றனர். அடிவாரத்து நீர்த்தோட்டத்தில் சற்றே நின்று பார்ப்போர் சிலர்தாம். ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காசியப்பன் காலத்தில் அமைந்த அத்தோட்டத்தின் நீரூற்றுகள் நல்ல மழைக்காலத்தில் இன்றும் மேலெழுகின்றன. மழையைத் தடுத்து நிறுத்த எந்த மன்னனாலும் இயலாது. ஆனால் பெய்த நீர் எங்கே தேங்க வேண்டும், எவ்வழியே ஓட வேண்டும் என்று வகுக்க மனித அறிவால் இயலும். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது இயன்றது. அந்த அறிவு எவருடைய வாழ்வைக் காக்கப் பயன்பட்டது என்பதே நம் கேள்வி.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது, இதே மாத்தளை மாவட்டத்தின் மலைப்பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொட்டியது. மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன. நாடெங்கும் 600 பேருக்கு மேல் மாண்டனர். கட்டடங்களுக்கும் பயிர்களுக்கும் பாதைகளுக்கும் நேர்ந்த நேரடிச் சேதம் சுமார் 410 கோடி அமெரிக்க டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபாய், வீட்டுப் பொருள்கள் வாங்க 50,000 ரூபாய், முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை என அரசு உதவிகளை அறிவித்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சமே வழங்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்ததைக் கணக்கிற் கொண்டாலும், இது சிறு தொகையன்று.

ஆயினும் தொகை எவ்வளவு என்பதைவிட ஆழமான வினா ஒன்று உண்டு. எந்த இழப்பை நாம் இழப்பென்று ஏற்கிறோம்?

உடைமை அழிந்தவனுக்கு ஈடு செய்வது நியாயம் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் உடைமையை நிறுவக் காகிதம் வேண்டும். உறுதி உள்ளவன் வீட்டை இழந்தவனாகிறான். உறுதி இல்லாதவன் வெறுமனே இடம்பெயர்ந்தவனாகிறான். பதிவுச் சான்று உள்ள கடை ‘தொழில்’ எனப்படுகிறது. சீகிரியாவுக்குச் செல்லும் பாதையோரத்தில் இளநீர் விற்பவளின் தட்டு தொழிலாகுமா? பாதை அறுந்து பயணிகள் வராதொழிந்தால் அவளுக்கும் அன்றாட வருவாய் அறுகிறது. ஆனால் உடைந்த சுவரைப் படம் பிடித்துக் காட்டலாம். வராமற்போன வாடிக்கையாளரை எப்படிப் படம் பிடித்துக் காட்டுவது?

லயன் அறையில் வாழும் தோட்டத் தொழிலாளியின் நிலை இதனினும் கொடியது. அவருடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். வழியில் பசிக்கும் நோய்க்கும் பலியானோர் எண்ணிலர். அப்பாதை சீகிரியாக் குன்றுக்கு அணித்தாகவே சென்றது. வந்தவர்கள் காட்டை அழித்துத் தோட்டமாக்கினர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய வழித்தோன்றல்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. குடியுரிமை கிடைத்தது, குடியிருந்த நிலமோ பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அறை மண்ணுள் புதையும்போது, இழந்தவர் யார்? ஏடுகளின்படி தோட்ட நிருவாகம்! டித்வாவுக்குப் பின் மலையகத்தில் இக்கேள்வி உரத்து எழுந்ததில் வியப்பில்லை.

இதற்கு ஒரு மறுமொழி கூறப்படுகிறது: பொதுப்பணத்தைச் சான்றின்றி வழங்கினால் ஏமாற்றுக்காரர் கொழுப்பர், உண்மையில் வாடியவர் ஏமாறுவர். இந்த அச்சம் பொய்யன்று. சான்று வேண்டும் என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் எதற்குச் சான்று? உரிமைக்கா, வாழ்வுக்கா? ஒருவர் ஓரிடத்தில் வாழ்ந்தார் என்பதற்கு வாக்காளர் இடாப்பு உண்டு; கிராம உத்தியோகத்தரின் பதிவு உண்டு; பிள்ளையின் பாடசாலை வரவேடு உண்டு; அயலார் உண்டு. இவற்றை ஏற்பதற்குப் புதிய கஜானா தேவையில்லை. மனம் ஒன்றே தேவை.

வேறொரு வாதமும் உண்டு: அபாயமான சரிவில் குடியிருந்தது அவர்கள் குற்றமன்றோ? 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டதை நினைவு கொள்வோம். அந்த மலை ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் எழுந்து செல் என்பது மட்டும் எச்சரிக்கையாகாது. எங்கே செல்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். சரிவில் லயன் கட்டியவன் தொழிலாளி அல்லன். தெரிவு செய்யும் உரிமை இல்லாதவன் தலையில் தெரிவின் குற்றத்தைச் சுமத்துவது எந்த அறநூலுக்கும் ஒவ்வாது.

கொடுக்கும் வகையிலும் அறம் உண்டு. இழந்தவனுக்குக் கடன் கொடுப்பது பல வேளைகளில் அவன் இழப்பையே வட்டியோடு திருப்பிக் கொடுப்பதாகும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது எதைக் காட்டுகிறது? விளைச்சல் இல்லாத காலத்திலும் வட்டி விளைந்துகொண்டே இருந்தது என்பதையே காட்டுகிறது. ஆகவே, மீண்டும் தொழில் தொடங்கும் சிறுவனுக்கும் சிறுமிக்கும் அல்ல, குடும்பம் தாங்கும் சிறு தொழிலாளருக்கு முதலில் வேண்டியது திருப்பிக் கேட்கப்படாத உதவி. கடன் அதன் பின்னரே. அரிசிப் பொதியை நீட்டும்போது புகைப்படக் கருவியையும் உடன் நீட்டுவோருக்கும் ஒரு சொல்: வாங்குபவரின் நாணமும் அவருடைய உடைமையே, வெள்ளம் விட்டுச்சென்ற அதை நாம் பறிக்கலாகாது.

இவற்றையெல்லாம் நாம் இரக்கத்தின் பேரால் கேட்கவில்லை. தேயிலையும் இறப்பரும் மலையிறங்கிச் சென்று ஈட்டிய பணத்தில் இந்நாட்டின் பாதைகளும் பள்ளிகளும் எழுந்தன. நல்ல நாளில் உழைப்பைப் பொதுவாக்கிக்கொண்ட சமுதாயம், கெட்ட நாளில் இழப்பைத் தனியுடைமையாக்குவது முறையன்று. ஆதலின் ஈடு என்பது ஈகையன்று. நீண்ட நாள் நிலுவையில் உள்ள கணக்கின் ஒரு பகுதியே.

ஓர் அரசனின் தோட்டத்துக்காக நீரை வழிப்படுத்திய நாடு இது. குடிமக்களின் கூரைகளுக்காக அதே அறிவைச் செலவிடுவதும், கூரை விழுந்தபின் அதனடியில் வாழ்ந்தவரையே இழந்தவராக ஏற்பதும் இந்நாட்டால் இயலாதவை அல்ல. அடுத்த மழை வருமுன் அவை நடந்தாக வேண்டும்.