நோயின் இரகசியமும் உயிரின் காவலும்

ஷரீஅத்தின் சட்டங்கள் மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் ஆகிய ஐந்தையும் காக்க வந்தவை என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். மதரஸாவில் ஓதும் இளம் மாணவரும் இதை அறிவார். ஆனால் இவ்வைந்தில் ஒன்றைக் காக்கப்போய் மற்றொன்று ஆபத்துக்குள்ளானால் என்ன செய்வது? அறிவு நோயுற்ற ஒருவரின் மானத்தைக் காப்பதா, அவர் கையில் ஆயுதம் இருக்கும்போது அவருடைய உயிரையும் பிறர் உயிரையும் காப்பதா? ஒருவரின் மனநிலை பற்றி நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் துப்பாக்கி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அறிவிக்கலாமா என்னும் கேள்விக்குள் இருப்பது இதுவே.

நம் வீடுகளில் துப்பாக்கி ஏது என்று வாசகர்கள் கேட்கலாம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அன்று. ஆவடியில் 1960களிலிருந்து கனரக வாகனத் தொழிற்சாலை டாங்கிகளைச் செய்துவருகிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையும் அங்கே முகாம் கொண்டிருக்கின்றன. படையிலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்த உரிமத் துப்பாக்கியோடு வங்கிக் காவலுக்கும் பணம் ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் போகிறவர்களை நாம் பார்க்கிறோம். அவர்களுக்கு அந்த இரட்டைக் குழல் துப்பாக்கி பெருமைப் பொருள் அன்று, பிள்ளைகளின் சோறு.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், மனநிலை சரியில்லாதவர் என்று நம்பக் காரணம் இருந்தால் உரிமம் மறுக்கவேண்டும் என்று 14ஆம் பிரிவில் கூறுகிறது. வழங்கிய உரிமத்தை அதே காரணத்தால் திரும்பப் பெற 17ஆம் பிரிவு இடம் தருகிறது. 2016ஆம் ஆண்டின் விதிகள் விண்ணப்பத்துடன் மன நலம், உடல் நலம் பற்றிய மருத்துவச் சான்றும் கேட்கின்றன. ஆனால் மனநிலை பற்றிய தீர்ப்பை நீதிமன்றமே உரிம அதிகாரிக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று இப்பிரிவுகள் சொல்லவில்லை. ஒரு மேசையில் இருக்கும் உண்மை அடுத்த மேசைக்குப் போகாமலே இருந்துவிடக் கூடும்.

அப்படிப் போகாததால் என்ன நேரும் என்பதை அமெரிக்க நாடு கண்டது. அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டமே, மனநிலை பற்றி நீதிமன்றத்தின் பாதகமான தீர்ப்புப் பெற்றவர் துப்பாக்கி வாங்கத் தடை விதித்திருந்தது. வாங்குபவரின் பெயரைக் கடைக்காரர் சரிபார்க்கும் தேசியப் பதிவேடும் 1998 முதல் நடந்து வந்தது. வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு மாணவர் தமக்குத் தாமே ஆபத்தானவர் என்று 2005 டிசம்பரில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்து, மருத்துவமனையில் தங்காமல் வெளியிலிருந்தே சிகிச்சை பெறுமாறு உத்தரவிட்டார். அந்தத் தீர்ப்பு பதிவேட்டுக்குப் போகவில்லை. 2007ஆம் ஆண்டு அம்மாணவர் இரண்டு கைத்துப்பாக்கிகளைக் கடையில் முறைப்படி வாங்கினார். ஏப்ரல் 16ஆம் நாள் தம் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்று தம்மையும் மாய்த்துக்கொண்டார். அதன் பின்னரே, இத்தகைய பதிவுகளை மாநிலங்கள் அனுப்புவதற்கு ஊக்கமளிக்கும் சட்டம் 2008 ஜனவரியில் கையொப்பமாயிற்று.

இதைக் கேட்டதும், எல்லா மனநோயாளிகளின் பெயரையும் எழுதி அரசிடம் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று சிலர் சொல்லக்கூடும். அவசரப்படலாகாது. மனநோயாளரில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடித்தவர்கள் அல்லர், அடிபட்டவர்களே அதிகம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டார்கள். நோயை வெட்கமாகக் கருதி, நோயாளியைக் கண்மறைவில் வைக்க நினைத்த சமுதாயத்தில்தான் அது நடந்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். காவல் வேலை செய்யும் ஒரு முன்னாள் படைவீரருக்கு இரவில் உறக்கம் வரவில்லை; மனம் கலங்குகிறது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் ஒரு சீட்டுப் போட்டாலே துப்பாக்கியும் வேலையும் போய்விடும் என்று அவர் அஞ்சினால் என்ன செய்வார்? வைத்தியத்துக்குப் போகமாட்டார். நோய் முற்றும், துப்பாக்கி வீட்டிலேயே இருக்கும். எல்லோரையும் காப்பதாகச் சொல்லிப் போட்ட பட்டியல் ஆபத்தையே வளர்த்ததாகிவிடும்.

அப்படியானால் மார்க்கம் காட்டும் வழி எது?

ஒரு சபையில் பேசப்பட்டது அமானிதம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த அமானிதத்துக்கும் விலக்கு உண்டு என்றும், அநியாயமாக இரத்தம் சிந்தப்படும் விஷயம் அதில் ஒன்று என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதாக அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி அறிஞர்கள் பேசியிருப்பினும் கருத்தை ஏற்றிருக்கிறார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் விசாரித்தால், தேவையான அளவு உண்மையைச் சொல்வது புறம் பேசுவதாகாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆகவே, இரகசியம் காப்பது கடமை. ஓர் உயிர் போகும் என்னும் இடத்தில் அக்கடமைக்கு எல்லை உண்டு.

எல்லை எங்கே என்பதற்கு ஃபிக்ஹு நூல்களில் ‘ஹஜ்ரு’ என்னும் பாடத்தைப் பார்க்க வேண்டும். தம் பொருளைக் கையாளும் பக்குவமில்லாதவரின் கையைத் தடுத்து வைப்பதே ஹஜ்ரு. அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம், அத்தகையோரிடம் பொருளை ஒப்படைக்க வேண்டாம் என்று தடுக்கும் அதே மூச்சில், அவர்களுக்கு உணவும் உடையும் கொடுங்கள், நல்ல வார்த்தை பேசுங்கள் என்றும் ஏவுகிறது. கைதான் தடுக்கப்படுகிறது, மனிதர் தள்ளப்படவில்லை. அடுத்த வசனம் அநாதைகளைச் சோதித்துப் பார்த்து, பக்குவத்தைக் கண்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. தடையும் உண்டு, தடை நீங்கும் வாசலும் உண்டு. பொருளுக்கே இத்தனை பேணுதல் என்றால், உயிரைப் பறிக்கும் ஆயுதத்துக்கு எவ்வளவு வேண்டும்!

இந்தத் தடையை யார் விதிப்பது? பொருளை வீணடிப்பவர் விஷயத்தில் காஜியின் தீர்ப்பு வேண்டும் என்பது இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களின் கருத்து. அத்தன்மை ஏற்பட்டாலே தடையும் ஏற்பட்டுவிடும் என்பது இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. நம் கேள்விக்கு முன்னவரின் கருத்தே பாதுகாப்பானது என்று எண்ணுகிறோம். பாகப்பிரிவினைச் சண்டையில் அண்ணனைப் பைத்தியம் என்று எழுதிக்கொடுக்கத் தயங்காத தம்பிகள் எந்த ஊரிலும் உண்டு. பக்கத்து வீட்டாரின் வாய்ச்சொல்லும் மருந்துக்கடைச் சீட்டும் தீர்ப்பாகிவிடலாகாது. சம்பந்தப்பட்டவரின் பேச்சையும் கேட்டு, மருத்துவரின் சாட்சியத்தையும் பார்த்து நீதிபதி சொல்வதே தீர்ப்பு.

தீர்ப்பான பின் அதை மறைத்து வைப்பதில் பயனில்லை. கடனில் மூழ்கியவர் மீது காஜி ஹஜ்ரு விதித்தால், அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்பவர்கள் எச்சரிக்கையாயிருக்கும் பொருட்டு அதற்குச் சாட்சிகளை ஏற்படுத்துவது ஸுன்னத்து என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. நீதிமன்றத் தீர்ப்பை உரிம அதிகாரிக்கு அறிவிப்பதற்கு இதைவிடத் தெளிவான உவமை நமக்குத் தெரியவில்லை.

ஆகவே அறிவிக்கலாம், அறிவிக்கவும் வேண்டும். ஆனால் மூன்று எல்லைகளுக்கு உட்பட்டு.

முதலாவது, போகவேண்டியது தீர்ப்பு, நோய் அன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், ஒருவருக்கு மனநோய் உண்டு என்பதனாலேயே அவர் மனநிலை தவறியவர் ஆகிவிடமாட்டார், தகுந்த நீதிமன்றம் அப்படி அறிவித்தாலன்றி, என்று 3ஆம் பிரிவில் வரையறுத்திருக்கிறது. வைத்தியத்துக்குப் போனவர் வேறு, தீர்ப்புப் பெற்றவர் வேறு.

இரண்டாவது, தேவையின் அளவே அனுமதி. இவர் கையில் ஆயுதம் கொடுக்கத்தக்கதன்று என்னும் ஒரு வரி அதிகாரிக்குப் போதும். அவர் மருத்துவரிடம் அழுததும் மனைவியைப் பற்றிச் சொன்னதும் அவருக்குத் தேவையில்லை. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவும், தீங்கைத் தடுக்க அவசியமான செய்தியை மட்டுமே வெளியிடலாம் என்கிறது.

மூன்றாவது, திரும்பி வரும் வழி. மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்னும் நபிமொழியில், அறிவு தவறியவருக்கும் அறிவு திரும்பும் வரை என்றே வரம்பு சொல்லப்பட்டிருக்கிறது. குணமானபின் விண்ணப்பித்துத் தகுதியை மீட்க முடியாத பதிவேடு அநீதியானது. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியொரு வழியை வற்புறுத்தியது.

இவையெல்லாம் அரசு செய்யவேண்டியவை. நீதிமன்றத்துக்கு முன்னரே ஒரு நீதிமன்றம் உண்டு. அது நம் வீடு. உறையிலிருந்து உருவிய வாளைக் கைமாற்றுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அம்புகளோடு பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ நடப்பவர் அவற்றின் முனையைப் பிடித்துக்கொள்ளும்படி ஏவியிருக்கிறார்கள். கைபிசகாதவருக்கே இந்த எச்சரிக்கை என்றால், மனம் கலங்கியிருப்பவர் வீட்டில் எவ்வளவு வேண்டும்! அமெரிக்காவில் துப்பாக்கியால் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் தம் கையாலேயே மாள்கிறார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது நாம் அறிந்த வழக்கம். வீட்டில் ஒருவர் உறக்கமின்றி, பேச்சின்றி, வாழ்வில் வெறுப்புற்று இருக்கும்போதும் அவ்வாறே ஒப்படைத்துவிட்டு அவரை மருத்துவரிடம் கூட்டிச் செல்லலாம். 14416 என்னும் அரசின் மனநலத் தொலைபேசியில் ஆலோசனையும் கேட்கலாம். வேலை சில மாதங்கள் நின்றால் அந்தக் குடும்பத்தின் சோற்றுக்கு ஜமாஅத்தார் பொறுப்பேற்க வேண்டும். கையைத் தடுங்கள் என்ற வசனமே உணவும் கொடுங்கள் என்கிறதல்லவா?

நோயை மறைப்பதும் மானம் காப்பதும் ஒன்றல்ல. நோயாளியை வைத்தியத்துக்கும் தொழுகைக்கும் திண்ணைப் பேச்சுக்கும் நம்மோடு அழைத்துக்கொண்டு, ஆயுதத்தை மட்டும் அவரிடமிருந்து விலக்கி வைப்பதே மானம் காப்பது. வல்ல நாயன் நம் உள்ளங்களுக்கு அமைதியையும், நம் கைகளுக்குப் பிறருக்குத் தீங்கிழைக்காத பாக்கியத்தையும் அருள்வானாக. ஆமீன்.