பதவி யாருக்குச் சொந்தம்?

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வுத்தியோகத்தின் லட்சணம் யாது என்று வினவியவர் மிகச் சிலர். ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணியாகிய என்னை இவ்வினா சில காலமாக வருத்தி வருகின்றது. பதவி என்பது ஒருவன் அடைந்து அனுபவிக்கும் சொத்தா? அன்றி, சில காலம் சுமந்து பிறர் கையில் ஒப்புவிக்க வேண்டிய பாரமா?

படிகளும் பட்டங்களும் மிகுந்த கடற்படையைக் கொண்டு இதனை ஆராய்வோம். மலாய் மொழியில் கடற்படைத் தலைவனுக்கு 'லக்சமானா' என்று பெயர். இராமகாதையில் வரும் இலட்சுமணன் பெயரே அங்ஙனம் வழங்குகின்றது. முடி சூடிய மூத்தவன் இருக்க, உறங்காது காவல் காத்த இளையவன் பெயரை அப்பதவி தாங்கி நிற்பது சிந்திக்கத் தக்கது. கதையை நம்பாதவரும் இப்பெயரிலுள்ள கருத்தை மறுக்கமாட்டார்.

பழைய ஆங்கிலக் கடற்படையிலோ வேறு வழக்கம் இருந்தது. ஒருவன் கேப்டன் பட்டியலில் ஏறிவிட்டால், மேலேயுள்ளவர் மறைய மறைய இவன் உயர்வான். நெடுநாள் உயிர் வாழ்ந்தால் அட்மிரலும் ஆவான். 1779-இல், 20 வயதில், அப்பட்டியலில் ஏறிய நெல்சனும் 1797 வரை காத்திருந்தே அப்பட்டம் பெற்றார். நம் ஆபீசுகளில் மேலிடம் காலியாகும் நாளை எண்ணிக் காத்திருக்கும் எங்களுக்கு இவ்வழக்கம் புதிதன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் பயின்று, இங்கிலாந்தில் டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி பெற்ற தமிழர் தனபாலசிங்கம், 1967 டிசம்பரில் மலேசியக் கடற்படையின் தலைவரானார். அதுவரை அவ்விடத்தில் அயல்நாட்டாரே அமர்ந்திருந்தனர். அவருக்கு அப்போது வயது 31. கையில் வந்ததோ எளிய பொறுப்பன்று. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்துவிட்டமையால், கடற்படையின் தளமாகிய உட்லண்ட்ஸ் வேறொரு நாட்டின் மண்ணாயிற்று. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை இவ்வட்டாரத்தினின்றும் மீட்டுக் கொள்ளப் போவதாக அறிவித்தது. பேராக்கின் லுமுட் பின்னாளில் நம் கடற்படைக்குத் தாயகமானது. ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் தலைமை தாங்கிய அவர், 1976-இல், 40 வயதில் ஓய்வு பெற்றார். நம்மில் பலர் அடுத்த படியை அண்ணாந்து பார்த்து நிற்கும் வயது அது! அவர் இறங்கியதால் கப்பல்கள் நின்றுவிடவில்லை, அடுத்தவர் பொறுப்பேற்றார்.

இந்தியாவில் அட்மிரல் ராமதாஸ் 1990 முதல் 1993 வரை கடற்படைத் தலைவராக இருந்தார். அவர் காலத்தில், 1992-இல், பெண்கள் அதிகாரிகளாகச் சேர்க்கப்பட்டனர். ஓய்வுக்குப் பின் அலிபாகை அடுத்துப் பயிர்த்தொழில் செய்துகொண்டே, இந்தியாவும் பாகிஸ்தானும் பகை மறந்து வாழ வேண்டுமெனப் பாடுபட்டார். 2004-இல் மகசேசே விருது பெற்றார், 2024-இல் காலமானார். உடுப்பைக் களைந்த பின்னரும் கடமை அவரை விடவில்லை.

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் லயத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, கடற்படைக்கு மனுப் போட வேண்டும், உதவி செய்யுங்கள்" என்றான். "தம்பி, நமக்குக் கடலில் என்ன வேலை? கொஞ்சம் பொறு, ஆபீசில் ஓரிடம் காலியாகும். நிழலில் உட்காரலாம்" என்றேன். கடாரம் வரை கப்பற்படை அனுப்பிய இராஜேந்திர சோழனைப் பற்றி மேடையில் முழங்கியவனும் நான்தான்! பையன் திரும்பிப் போனான். இடம் காலியாகவில்லை. இன்று அவன் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்குக் கூலி வேலைக்குப் போகிறான். நம் கடற்படைத் தளம் முன்பு இருந்த அந்த உட்லண்ட்ஸ் வழியாகவே நாள்தோறும் போகிறான்.

ஒருவர் உச்சிக்கு ஏறினார் என்பதால் எல்லார்க்கும் ஏணி உண்டென்று சொல்லிவிட முடியாது என்பர் சிலர். உண்மையே. தனபாலசிங்கம் நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்த காலத்தில், லயத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் இப்பையன் ஏணியைக் கண்டுபிடித்து அதன் அடிக்கு வந்துவிட்டான். குறுக்கே நின்றவன் படித்த நானல்லவா? பதவி என்றால் நிழல் என்று எண்ணியிருந்த எனக்கு, அவனுக்கு வேறு என்ன சொல்லத் தெரிந்திருக்கும்? எனக்கு வாய்த்த ஆங்கிலக் கல்வியும் கிராணி வேலையும் எனக்கே சொந்தமென்று நினைத்தேன், அதுவே பிழை. கற்றவன் பெற்ற சிறு பதவியும் பின்னால் வருவோருக்கு வழிகாட்டவே அவனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

அப்பையனின் தம்பி இவ்வாண்டு பள்ளியிறுதித் தேர்வு எழுதுகிறான். கடற்படையில் புதிதாகச் சேர்வோர் பயிற்சி பெறுமிடம் நம் ஜொகூரிலேயே, தஞ்சோங் பெங்கெலியில் உள்ளது. மனுச் செய்யும் முறையை அவனுக்கும் அவன் தாயாருக்கும் எடுத்துரைத்திருக்கிறேன். போவதும் போகாததும் அவன் விருப்பம். இம்முறை நான் குறுக்கே நிற்கமாட்டேன்.