முதுகுக்குப் பின்னால் போகும் கை

செம்பட்டி, திண்டுக்கல் மாவட்டத்தில் சாலைகள் கூடுகிற ஊர். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, தேனி வழியாகக் குமுளிக்குப் போகிற சாலையும், நிலக்கோட்டைப் பக்கமிருந்து ஒட்டன்சத்திரம், பழநிக்குப் போகிற சாலையும் இங்கே சந்திக்கின்றன. ஊர் தூங்கினாலும் இங்கே டீக்கடை தூங்காது. காய்கறி லாரி நிற்கும், கம்பம் பஸ் நிற்கும், கார்த்திகை பிறந்தால் சபரிமலை வேன்கள் வரிசை கட்டும். பத்து நிமிஷம் என்று கண்டக்டர் சொன்னதும் பாதி பஸ் கீழே இறங்கும். இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் கேட்பது டீயை மட்டும் அல்ல.

சாலையோரக் கடைகளின் தூணில் தேங்காய்நார்க் கயிறு தொங்குவதைப் பார்க்காதவர் இந்தப் பக்கம் இருக்க முடியாது. நுனியில் கங்கு இருக்கும். ஊதினால் சிவக்கும், விட்டால் சாம்பல் பூக்கும். எரிந்து குறையக் குறையக் கயிற்றைக் கீழே இறக்கிவிடுவார்கள். பீடியை வாயில் வைத்துக் குனிந்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும், தீப்பெட்டிச் செலவு மிச்சம். இப்போது பல கடைகளில் கயிற்றுக்குப் பதிலாக நூலில் கட்டிய லைட்டர் தொங்குகிறது. அதற்கு மேலே சுவரில், எண்ணெய்ப் பிசுக்கேறி எழுத்து மங்கிய பலகை ஒன்றையும் சில கடைகளில் பார்க்கலாம். இது புகைபிடிக்காத பகுதி, இங்கே புகைபிடிப்பது குற்றம் என்று அதில் எழுதியிருக்கும்.

பலகையும் நெருப்பும் ஒரே சுவரில் இருக்கும்போது குற்றம் யாருடையது?

சட்டத்தின் பதில் ஓரளவு தெளிவானது. 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் நான்காம் பிரிவு பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடை செய்கிறது. 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் நடைமுறைக்கு வந்த விதிகள் உணவகம், கேண்டீன், காபிக்கடை, வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் பொது இடம் என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தன. பஸ் ஸ்டாண்டும் அதில் சேர்ந்தது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அந்த விதிகளில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. பொது இடத்தை நடத்துகிறவர் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் போன்ற புகைபிடிக்க உதவும் எதையும் அங்கே வைக்கக் கூடாது. புகார் வந்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேருக்கான அபராதம் அவர் தலையிலும் விழும். ஆகவே அந்தக் கயிறும் விதிமீறல்தான். ஆனால் நடைமுறையில் அபராதச் சீட்டு கிழிக்கப்படுவது பெரும்பாலும் பீடியோடு நிற்கிற ஆளுக்கு. அவர்தான் கையோடு பிடிபடுகிறார்.

அந்த ஆளின் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்டுவிட வேண்டும். இரவு முழுக்க ஸ்டியரிங் பிடித்தவர் அவர். அவர் வாங்கியது கள்ளச் சரக்கு அல்ல, அரசு வரி வாங்கிக்கொண்டு விற்க அனுமதித்த பொருள். புகையிலை இந்த மாவட்டத்துக்கு அந்நியமான பயிரும் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று லண்டன் வரை பெயர் வாங்கிய சுருட்டுக்குத் திண்டுக்கல் பக்கத்து மண்ணில் விளைந்த இலைதான் போனது. வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. விளைவிக்க உதவி, விற்க உரிமம், அரசுக்கு வரி, கடைசியில் பற்றவைத்தவனுக்கு மட்டும் தண்டனையா என்று அவர் கேட்டால் அது வெற்றுப் பேச்சு ஆகாது. என் உடம்பு, என் நுரையீரல், என் காசு என்ற வாதத்திலும் பாதி உண்மை இருக்கிறது. வளர்ந்த மனிதன் தனக்குக் கெடுதலானதைச் செய்வதையெல்லாம் தடுக்கக் கிளம்பினால் அதற்கு முடிவில்லை. நிகோடின் பழக்கத்தைக் கெட்ட குணம் என்று ஏசுவதும் தவறு. மூளையைப் பிடித்துக்கொள்ளும் பொருள் அது. விட நினைத்து விட முடியாமல் தவிக்கிறவர்களை அறிவுரை சொல்லி அவமானப்படுத்துவதில் எந்த அறமும் இல்லை.

ஆனால் புகை அவருடைய நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. மறுபாதி உண்மை அங்கேதான் இருக்கிறது.

1981இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிரயாமா ஓர் ஆய்வை வெளியிட்டார். புகைபிடிக்காத 91,540 மனைவிமார்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. கணவர் கடுமையாகப் புகைப்பவராக இருந்த வீடுகளில், மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. புகையிலைக் கம்பெனிகள் அதை எதிர்த்தன. பின்னால் வந்த ஆய்வுகள் ஹிரயாமா சொன்னதையே உறுதிப்படுத்தின. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தாம் புகைக்காமலே அடுத்தவர் புகையால் சாகிறவர்கள் உலகம் முழுக்க ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். அந்த மனைவிமார்கள் ஏன் எழுந்து வெளியே போகவில்லை என்று யாரும் கேட்க மாட்டோம். அவர்களுக்குப் போக வேறு வீடு இல்லை.

டீக்கடையிலும் அப்படிப் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். பொதுவாக இந்த விவாதத்தைப் புகைப்பவருக்கும் புகைக்காத வாடிக்கையாளருக்கும் இடையிலான வழக்காகவே பேசுகிறோம். பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போ என்ற பதில் அதனால்தான் எடுபடுகிறது. பஸ் பயணிக்கு அது பத்து நிமிஷ விஷயம். மூக்கைப் பொத்திக்கொண்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விடலாம். பாய்லர் பக்கத்தில் நிற்கிற மாஸ்டர் எங்கே போவார்? வடைச் சட்டியின் முன்னால் விடிகாலை நான்கு மணிக்கு நின்றவர், எச்சில் இலை எடுத்து டம்ளர் கழுவுகிற அம்மா, பரோட்டாவுக்கு மாவு பிசைகிறவர், இவர்களுக்கெல்லாம் அந்தக் கூரைதான் பிழைப்பு. அடுத்த கடைக்கு வேலை மாறினால் அங்கேயும் ஒரு கயிறு தொங்கும். அவர்களைக் கணக்கில் எடுக்காத எந்த நியாயமும் அரைகுறையானது.

இந்த இடத்தில் நின்று பார்த்தால், சட்டமே திறந்து வைத்திருக்கிற ஒரு கதவு உறுத்துகிறது. முப்பது அறை கொண்ட விடுதியும், முப்பது பேர் உட்காரக்கூடிய உணவகமும் புகைபிடிக்கத் தனி இடம் வைத்துக்கொள்ளலாம் என்று நான்காம் பிரிவு சலுகை தருகிறது. அந்த அறை எப்படி இருக்க வேண்டும் என்பதை விதிகள் விரிவாகவே சொல்கின்றன. நான்கு பக்கமும் முழு உயரச் சுவர் வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். உள்காற்று மற்ற இடங்களுக்குப் பரவாமல் நேராக வெளியே போக வேண்டும், அதற்கேற்றபடி உள்ளே காற்றழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். உள்ளே சாப்பாடோ டீயோ பரிமாறக் கூடாது. படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, இடத்தைப் பிரிப்பதாலோ காற்றோட்டம் கொடுப்பதாலோ அடுத்தவர் மூச்சில் புகை கலப்பதை முழுக்கத் தடுக்க முடியாது என்றே முடிவு சொன்னது. கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் புகையும் கூட வருகிறது. பரிமாறக் கூடாது என்று விதி எழுதியவர்களுக்கு, தொழிலாளி அந்தப் புகைக்குள் போகக் கூடாது என்பது தெரிந்திருக்கிறது. ஆனால் சிகரெட் துண்டுகளைப் பெருக்க ஒருவர் உள்ளே போயே ஆக வேண்டும். போகிறவர் அந்த விடுதியில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவராகத்தான் இருப்பார்.

இன்னொரு அநீதியும் இதில் இருக்கிறது. ஏசி உணவகத்தில் தனி அறைக்குள் புகைப்பவர் சட்டப்படி நடக்கிறவர். செம்பட்டி ரோட்டில் பத்துப் பேர் உட்காரும் கடையின் பெஞ்சில் புகைப்பவர் குற்றவாளி. இரண்டு பேரும் இழுப்பது ஒரே புகையிலை. அறை கட்ட வசதி இருப்பதால் மட்டும் ஒரு செயல் சரியாகிவிடும் என்றால், அந்த விதி மூச்சைக் காப்பதற்காக எழுதப்பட்டதா என்ற சந்தேகம் வருகிறது. விமான நிலையங்களுக்கும் உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் தரப்பட்ட இந்தச் சலுகையை எடுத்துவிடலாம் என்று மத்திய அரசே 2020ஆம் ஆண்டுத் திருத்த வரைவில் சொன்னது. அந்த வரைவு சட்டமாகவில்லை. ஆகியிருக்க வேண்டும். அயர்லாந்து 2004 மார்ச் 29 அன்று மதுக்கூடங்கள் உட்பட எல்லா மூடிய வேலையிடங்களிலும் புகையைத் தடுத்தபோது முன்வைத்த காரணம், அங்கே வேலை செய்கிறவர்களின் உடல்நலம். கேள்வியை அந்தப் பக்கமிருந்து கேட்டால் தனி அறைக்கு இடமே வராது.

அயர்லாந்து வரை போக வேண்டியதும் இல்லை. செம்பட்டியைக் கடக்கிற குமுளிச் சாலை போய்ச் சேரும் கேரளத்தில், 1999 ஜூலை 12 அன்று உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பது அரசியல் சட்டம் தரும் உயிர்வாழும் உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் போனது. அடுத்தவர் விடுகிற புகையைச் சுவாசிக்க ஒருவரைக் கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமை இல்லை என்பதே இரண்டு தீர்ப்புகளின் சாரம்.

கடைக்காரரின் தயக்கத்தையும் பேச வேண்டும். "வெளியே போய் அடிங்கண்ணே" என்று சொன்னால், டீயையும் அடுத்த கடையில் குடித்துக்கொள்வார்கள் என்பது அவருடைய பயம். இரண்டு கடை தள்ளி இன்னொரு பாய்லர் கொதிக்கிற ஊரில் இது பொய்ப் பயம் இல்லை. தனியாக நல்லவராக இருப்பதற்கு அவர் மட்டும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி நடக்கிற விதி அவருக்குத் தண்டனை ஆகாது, பாதுகாப்பே ஆகும். எங்கேயும் கயிறு இல்லை என்றால் கயிறு இல்லாததால் யாரும் வியாபாரம் இழக்க மாட்டார்கள்.

புகைப்பவரை எங்கே அனுப்புவது என்பதும் சின்ன விஷயம் இல்லை. வெளியே போ என்றால், செம்பட்டியில் வெளியே என்பது லாரி உரசிக்கொண்டு போகிற நெடுஞ்சாலை விளிம்பு. இருட்டில் ஒரு மனிதனை அங்கே நிறுத்துவது நியாயம் ஆகாது. கடைக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ, பெஞ்சும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் இல்லாத, யாரும் வேலையாக வந்து நிற்காத திறந்த வெளியைக் காட்டுவதுதான் மனிதத்தனம். பழக்கத்தை விட நினைப்பவருக்குப் புகையிலைப் பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கிற 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கல்லாவுக்கு மேலே பெரிதாக எழுதி வைக்கலாம். அபராதப் பலகையைவிட அது சிலருக்கு உதவும்.

இதையெல்லாம் சட்டம்தான் புதிதாகக் கொண்டுவந்தது, நம் ஊர் வழக்கத்தில் இதற்கு வேர் இல்லை என்று சொல்கிறவர்கள் ஒரு காட்சியை மறந்துவிடுகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகப் புகை விட்டுக்கொண்டிருக்கும் ஆள், பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர் தன் தாய்மாமன் என்று கண்டுகொண்ட நொடியில் என்ன செய்கிறார்? கை தானாக முதுகுக்குப் பின்னால் போகிறது. பீடி உள்ளங்கைக்குள் மறைகிறது. எழுந்து நின்று, வாயிலிருக்கும் புகையைப் பக்கவாட்டில் விட்டுவிட்டு, "வாங்க மாமா" என்கிறார். பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்தாலும் இதுதான், ஊர்ப் பெரியவர் வந்தாலும் இதுதான். இன்னொருவர் முகத்துக்கு நேரே புகைப்பது அவருக்குச் செய்யும் குறை என்பது நமக்கு எந்தச் சட்டமும் சொல்லித் தராமலே தெரியும். புகையை அடக்கவும் தெரியும், பழக்கம் எவ்வளவு முற்றியிருந்தாலும் அந்த ஒரு நிமிஷத்துக்கு அடக்க முடியவும் செய்யும்.

அந்த மரியாதையை இதுவரை வயதுக்கும் உறவுக்கும் பதவிக்கும் அளந்து கொடுத்திருக்கிறோம், மூச்சுக்குக் கொடுக்கவில்லை. மாமனுக்காக மறைந்த பீடி, பக்கத்தில் பால் டம்ளரை ஊதிக்கொண்டிருக்கும் குழந்தைக்காக மறையவில்லை. அந்தக் குழந்தையின் தாய் முகத்தைத் திருப்பிச் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்கிறாளே தவிர, வாய் திறந்து சொல்வதில்லை. ராத்திரி நேரத்தில், முன்பின் தெரியாத ஆம்பிளைகளிடம், பஸ் கிளம்பப் போகிற அவசரத்தில் அவள் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயம். டம்ளர் கழுவுகிற அம்மா சொன்னால் அன்றோடு வேலை போகலாம். சொல்வதற்கு மிகக் குறைவான விலை கொடுக்க வேண்டியவர் யாரோ, சொல்லும் கடமை அவருக்குத்தான் முதலில். அது கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். அவருக்கு அடுத்து, அதே பெஞ்சில் அதே டீயைக் குடித்துக்கொண்டிருக்கிற இன்னொரு ஆண். "அண்ணே, கைப்பிள்ளை இருக்கு, கொஞ்சம் அங்கிட்டு" என்று தணிந்த குரலில் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் சட்டென்று எழுந்து, பாதி வெட்கத்தோடு நகர்ந்து போவார்கள். அப்போதும் அந்தக் கை முதுகுக்குப் பின்னால்தான் போகும்.

டம்ளர் கழுவுகிற அம்மாவுக்காக அப்படி ஒரு கை போய் யாரும் பார்த்ததில்லை. தொட்டிப் பக்கம் அவர் குனிந்து நிற்கிற இடத்துக்கும் கயிறு தொங்குகிற தூணுக்கும் இடையே பல கடைகளில் மூன்றடி கூட இருக்காது.