இல்லமும் ஏடும்

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாயில் காற்று திசை மாறுகிறது. கொங்கு நாட்டுச் சமவெளியிலிருந்து புறப்பட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பெரிய வாயில் வழியாக, இரவும் பகலும் ஓசையிட்டபடி அது கேரளத்துக்குள் நுழைகிறது. மலையாள மாதத்தின் பெயரால் அதை 'விருச்சிகக் காற்று' என்பார்கள். தெற்கே இடுக்கி மலைகளில் குளிர் இன்னும் கடுமையானது. மார்கழி, தை மாதங்களின் சில விடியற்காலைகளில் மூணாறைச் சுற்றியுள்ள புல்வெளிகள் உறைபனி போர்த்து வெண்மையாகக் கிடக்கும். பொழுது சாயுமுன்பே வீடுகளின் கதவுகள் சாத்தப்படுகின்றன. அடுப்பைச் சுற்றி எல்லோரும் கூடுகிறார்கள். கட்டஞ்சாயா கொதிக்கிறது.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு விளக்கருகே அமர்ந்து, பிடித்தமான நூல் ஒன்றைப் பிரிக்கும் அந்த வேளையின் இன்பத்தை அறிந்தவர்கள் அறிவார்கள். ஆயினும் சிந்தனை உடையவர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. இந்தச் சுகம் அறத்துக்கு உகந்ததுதானா? வெளியே ஒருவன் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, உள்ளே நாம் இதமாக அமர்ந்து படித்துக்கொண்டிருப்பது சரியா?

இதற்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. 'பகல் முழுவதும் உழைத்தவன் மாலையில் இளைப்பாறுகிறான். இதில் என்ன குற்றம்?' என்பது ஒன்று. 'இதெல்லாம் தமோகுணம், எழுந்து சேவைக்குப் புறப்படு' என்பது மற்றொன்று. இரண்டுமே அவசரப் பதில்கள் என்று தோன்றுகிறது. நம் முன்னோர் இந்தக் கேள்வியை இவ்வளவு எளிதாக முடித்துவிடவில்லை.

பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையை எடுத்துக்கொள்வோம். நக்கீரர் பாடிய 188 அடிகளைக் கொண்ட அப்பாட்டு முழுவதும் கூதிர்காலமே நிறைந்திருக்கிறது. மழையால் மேட்டு நிலத்துக்கு மந்தையை ஓட்டிச் சென்ற கோவலர்கள் நெருப்பில் கைகளைக் காய்ச்சிப் பற்கள் நடுங்க நிற்கிறார்கள். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. பறவைகள் கிளையிலிருந்து வீழ்கின்றன. நகரத்திலோ சாளரங்கள் அடைக்கப்படுகின்றன. கோடையில் வீசிய விசிறிகள் சுவரில் தொங்குகின்றன. சந்தனம் அரைக்கும் கல்லுக்கு வேலையில்லை. வீட்டின் கதகதப்பை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன கவிஞர் உலக இலக்கியத்திலேயே சிலர்தான் இருப்பார்கள்.

அந்தக் கதகதப்பின் உச்சியில் அரண்மனை, அதன் நடுவே தந்தத்தால் இழைத்த கட்டில், கட்டிலில் அரசி. குளிர் அவளைத் தீண்டவில்லை. ஆனால் அவள் மகிழவும் இல்லை. விதானத்தில் எழுதிய சந்திரனையும் உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகிறாள். அவளுடைய தலைவனோ அந்த நடுநிசியில் பாசறையில் இருக்கிறான். வாடை வீச்சில் விளக்குச் சுடர் சாய, குடையிலிருந்து நீர் சிதற, காயம்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் கண்டு ஆறுதல் சொல்லி நடக்கிறான்.

இங்கே கவிஞர் எந்தத் தீர்ப்பும் கூறவில்லை. அரசியைச் சுகவாசி என்று இகழவில்லை; அரசனைத் தியாகி என்று உரக்கப் புகழவும் இல்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே இரவில் நிகழ்வதை அருகருகே வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். படிப்பவருக்கு மட்டும் ஒன்று புலப்படுகிறது. கட்டிலில் இருப்பவளின் மனம் பாசறையில் இருக்கிறது. அதனால்தான் அவளுடைய துயரை நாம் மதிக்கிறோம். வெளியே இருப்பவனை அவள் மறந்து உறங்கியிருந்தால் அந்தப் பாட்டே இல்லை.

பாசறை இன்று வேறு உருவங்களில் இருக்கிறது. மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளை 'லயம்' என்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பேச்சே ஒலிக்கும் வீடுகள் அவை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, இராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்தது. மழைக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கியவர்கள் மீது மண்ணும் பாறையும் வந்து விழுந்தன. 70 உயிர்கள் போயின. 'வீடு' என்ற சொல்லைப் பாதுகாப்பு என்ற பொருளில் நாம் எத்தனை எளிதாகப் பயன்படுத்துகிறோம்! நமக்கு வாய்த்த சுவரும் கூரையும் நம் தகுதிக்குக் கிடைத்த பரிசு என்று எண்ணுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அப்படியானால் குற்ற உணர்வோடு நம் விளக்கை அணைத்துவிட வேண்டுமா? அதனால் எந்த லயத்துக்கும் வெளிச்சம் கிடைக்கப்போவதில்லை. கேள்வியைச் சற்றே மாற்றிப் பார்க்கலாம். சுகமாக அமர்ந்து படிப்பவன் தான் பெற்றதைக் கொண்டு என்ன செய்கிறான்?

தைத்திரீய உபநிஷதத்தின் சிக்ஷா வல்லியில் இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. மனிதனின் கடமைகள் அங்கே ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன: சத்தியம், தவம், புலனடக்கம், வேள்வித்தீ, விருந்தினரைப் போற்றுதல், மக்களைப் பேணுதல் என்று. ஒவ்வொரு கடமையையும் சொன்ன பிறகு, விடாமல், ஸ்வாத்யாயமும் பிரவசனமும் சேர்க்கப்படுகின்றன. தானே ஓதுதல் ஒன்று. பிறர்க்கு ஓதுவித்தல் மற்றொன்று. எங்கும் முதலாவது தனியாக வருவதில்லை. பட்டியல் முடிந்ததும் மூன்று ஆசிரியர்களின் கருத்துகள் கூறப்படுகின்றன. சத்தியமே போதும் என்றார் ஒருவர். தவமே போதும் என்றார் இன்னொருவர். நாகர் என்னும் முத்கலர் வழிவந்த மூன்றாமவரோ, ஓதுதலும் ஓதுவித்தலுமே தவம் என்றார். குருகுலத்தை விட்டு இல்லறம் புகச் செல்லும் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் அறிவுரையிலும் இதே இரட்டையைக் கைவிடாதே என்ற கட்டளை உண்டு. அதே உபநிஷதத்தின் பிருகு வல்லியிலோ, தங்க இடம் நாடி வந்தவரை மறுத்தனுப்பாமை ஒரு விரதமாக விதிக்கப்படுகிறது. ஏடும் இல்லமும் வாங்கிவைத்துக்கொள்ளும் பொருள்களாக அந்த ரிஷிகளுக்குத் தோன்றவில்லை போலும்.

பாலக்காட்டு மண்ணுக்கு இது புதிதன்று. மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்தது பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூரில், சோகநாசினி ஆற்றங்கரையில். அவர் இயற்றிய அத்யாத்ம இராமாயணம் கிளிப்பாட்டு இன்றும் கர்க்கடக மாதத்தில் கேரளத்து வீடுகள்தோறும் படிக்கப்படுகிறது. ஆடி மழை கொட்டும் மாதம் அது. வயலில் வேலை இராது. பத்தாயம் காலியாக இருக்கும். அதனால் 'பஞ்ச கர்க்கடகம்' என்றே ஒரு பெயர் உண்டு. அந்த அடைபட்ட நாள்களில் நிலவிளக்கை ஏற்றி வைத்து, ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் அமர்ந்து கேட்பார்கள். எழுத்தறியாத பாட்டிக்கும் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அந்த வாசிப்பில் பங்கு இருந்தது. கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களின் தமிழ் வீடுகளில் வாசலை ஒட்டித் திண்ணை இருந்ததும் இதே பண்பாட்டின் மற்றொரு முகம். வழிப்போக்கன் கேளாமலே தலைசாய்க்கலாம். (திண்ணைக்குக் கம்பிக்கதவு போட்ட பிறகு நாம் எதை இழந்தோம் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.)

பாலக்காட்டுப் பரம்பிக்குளத்திலிருந்து ஆனைமலைத் தொடரைப் பற்றிக்கொண்டு, தமிழகத்து வால்பாறையைக் கடந்தால், மறுபுறத்தில் இடுக்கியின் இடமலைக்குடி வருகிறது. 2010-இல் உருவான இதுவே கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. அடர்ந்த காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் குடிகளில் முதுவான் மக்கள் வாழ்கிறார்கள். தமிழோடு நெருங்கிய பேச்சு அவர்களுடையது. முன்னோர் மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறினார்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்று ஒரு மரபுக்கதை உண்டு.

அங்குள்ள இருப்புக்கல்லுக்குடியில் பி.வி. சின்னத்தம்பி என்ற முதியவர் ஒரு தேநீர்க்கடை நடத்திவந்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் யானைகள் நடமாடும் காட்டுவழியே பல மணி நேரம் நடந்து சென்று அவரைக் கண்டு எழுதியதை 2014-இல் உலகம் படித்தது. அப்போது அவருக்கு வயது 73. மண்சுவர்க் குடிசை. சுவரில் ஒட்டிய வெள்ளைத்தாளில் 'அக்ஷரா' என்று நூலகத்தின் பெயர். நூலகம் எங்கே என்று கேட்டபோது, இருட்டான உள்ளறையிலிருந்து அவர் இரண்டு சணல் மூட்டைகளைக் கொண்டுவந்தார். பாயை விரித்து நூல்களை ஒவ்வொன்றாகப் பரப்பினார். மொத்தம் 160. வைக்கம் முகம்மது பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், கமலா தாஸ், லலிதாம்பிகா அந்தர்ஜனம், காந்தியடிகளின் நூல்கள் என்று எல்லாமே தேர்ந்தெடுத்தவை.

இவற்றை இங்கே யார் படிக்கிறார்கள் என்ற ஐயம் யாருக்கும் எழும். விடையாக அவர் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். சுமார் 25 குடும்பங்களே உள்ள அக்குடியில் 2013-ஆம் ஆண்டில் 37 நூல்கள் எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. எடுத்தவர் பெயர், எடுத்த நாள், திருப்பித் தந்த நாள் எல்லாம் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. உறுப்பினராகச் சேர ஒருமுறை 25 ரூபாய். மாதக் கட்டணம் 2 ரூபாய். சர்க்கரையில்லாத கட்டன் தேநீர் அனைவருக்கும் இலவசம். மலையில் நடந்து களைத்து வருபவர்கள் அல்லவா என்பது அவர் சொன்ன காரணம். பிஸ்கட்டுக்கும் மிக்சருக்கும் மட்டுமே காசு.

இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வியாபார நோக்கில் பார்த்தால் இது தலைகீழ். தேநீர்க்கடையில் தேநீர் விற்கப்படவில்லை. தொண்டு என்று பார்த்தாலும் அந்தச் சொல் பொருந்துவதாகத் தெரியவில்லை. 25 ரூபாய் கேட்டு வாங்கினாரே! அந்தச் சிறு கட்டணம் வாசகனின் மானத்தைக் காத்தது என்றே நினைக்கிறேன். பெறுபவன் இரவலன் ஆகவில்லை, உறுப்பினன் ஆனான். களைப்புக்கு மட்டும் கட்டணம் இல்லை. எதற்கு விலை வைக்கலாம், எதற்கு வைக்கலாகாது என்பதில் அவருக்கு இருந்த தெளிவு நம்மில் பலருக்கு வாய்ப்பதில்லை.

கேரளத்தில் நூலகம் என்பது நெடுங்கால இயக்கம். 1945-இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் மறைந்த ஜூன் 19-ஆம் நாளே அங்கே வாசிப்பு நாள். அந்தப் பேராற்றின் ஒரு சிறு கால் காட்டுக்குள் வந்து இரண்டு மூட்டைகளாக நின்றது என்று கொள்ளலாம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். வாசிப்பு தனிமையில் நிகழ்வதல்லவா? ஊருக்குப் பயன்பட்டால்தான் ஒருவன் புத்தகத்தைத் தொடலாம் என்று சொன்னால், வாசிப்பின் இனிமையே கெட்டுவிடாதா? நியாயமான ஆட்சேபம். குளிர்காலத்து இரவில் ஒருவன் தன்னை மறந்து ஒரு நூலில் ஆழ்ந்திருப்பதற்கு, அப்போதே அங்கேயே எந்தப் பயனும் கேட்கலாகாது. வேலைக்காகப் படிப்பதும், தேர்வுக்காகப் படிப்பதும், கைப்பேசியில் துண்டு துண்டாகப் படிப்பதும் பெருகிவிட்ட காலத்தில் அப்படி ஆழ்வதே அரிதாகி வருகிறது. அதைக் காப்பதும் கடமைதான்.

ஆனால் இருப்புக்கல்லுக்குடியின் வாசகனும் தனிமையில்தான் படித்தான். நூலைத் தன் குடிசைக்கு எடுத்துச் சென்றான். அடுப்பருகிலோ விளக்கருகிலோ யார் தொந்தரவும் இன்றி அதில் மூழ்கினான். பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவந்தான். தனக்கு முன் ஒருவர் படித்திருக்கிறார், தனக்குப் பின் ஒருவர் காத்திருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும். அந்த அறிவு அவனுடைய தனிமையைக் கெடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டு அலமாரிகளில் கண்ணாடிக்குப் பின்னே ஆண்டுக்கணக்கில் பூட்டியிருக்கும் நூல்களை நினைத்துப் பார்க்கிறேன். அவற்றில் எத்தனை நம் தெருவில் ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கின்றன? நம்மில் எத்தனை பேர் மாலையில் அரைமணி நேரம் வீட்டுப் பெரியவருக்கு, அல்லது வேலைக்கு வரும் பெண்ணின் குழந்தைக்கு, உரக்கப் படித்துக் காட்டுகிறோம்? அலமாரி நிறையவே இருக்கிறது, பதிவேடுதான் இல்லை.

சின்னத்தம்பியின் பதிவேட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம்பெற்ற நூல்களில் ஒன்று, இளங்கோவடிகளின் சிலப்பதிகாரம், மலையாள மொழிபெயர்ப்பு. கணவனை இழந்த கண்ணகி மதுரையை விட்டு மேற்கே நடந்து மலையேறியதையும், வேங்கை மர நிழலில் நின்றதையும் அரசனிடம் சென்று கூறுபவர்கள் அக்காவியத்தில் மலைவாழ் குறவர்களே. சேரன் செங்குட்டுவன் பேரியாற்று மணற்பரப்பில் தங்கியிருந்தபோது அவர்கள் காணிக்கைகளைச் சுமந்து வந்து அந்தச் செய்தியைச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன அதன் பிறகே அரசனுக்கும் புலவனுக்கும் அந்தக் கதை. அதே பேரியாற்றின் நீர்ப்பிடிப்பு மலைகளில், மதுரையைத் தங்கள் தொல்லூராகக் கதை சொல்லும் மக்கள், வேற்று மொழியில் அச்சான அந்த நூலை ஒரு தேநீர்க்கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துச் சென்று, நாள் குறித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.