எந்த மகிமையைப் பார்க்கிறோம்?

2019ஆம் ஆண்டு பெரிய வெள்ளி ஏப்ரல் 19 அன்று வந்தது. கள்ளழகர் வைகையில் இறங்கியதும் அன்றைக்கே. முதல் நாள் தேரோட்டமும் நாடாளுமன்றத் தேர்தலும் ஒன்றாக வந்துவிட்டதால், மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவை இரவு எட்டு மணி வரை நீட்டியிருந்தார்கள். ஊரே தூங்காத மூன்று நாட்கள் அவை. இப்படி அமைவது அபூர்வம். ஈஸ்டரைக் கணிக்கும் முழுநிலவு பெரும்பாலும் பங்குனியிலேயே வந்து போய்விடும். தள்ளிப்போகிற ஆண்டில்தான் சித்திரைப் பௌர்ணமியோடு சேரும்.

மத்தியானம் மும்மணி ஆராதனைக்கு வெள்ளை உடுத்திக் கிளம்பிய நாங்கள், ஆற்றிலிருந்து திரும்பும் கூட்டத்துக்குள் வண்டியை உருட்டிக்கொண்டு போனோம். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துபோன பிள்ளைகள். செம்பு நிறையச் சர்க்கரை வைத்து மேலே சூடம் ஏற்றிக் காட்டிவிட்டு வந்த பெண்கள். தோல்பைத் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் களைத்த இளவட்டங்கள். ராத்திரி முழுக்க ஆற்றுக்குள் காத்துக் கிடந்தவர்கள் இவர்கள். எல்லாம் ஒரு தடவை பார்ப்பதற்காக. மனசுக்குள் ஆயிரம் வேண்டுதல் இருந்திருக்கும். அந்த நெரிசலில் அதையெல்லாம் எடுத்துச் சொல்ல யாருக்கு நேரம் கிடைத்திருக்கும்? பார்த்தார்கள், கையெடுத்துக் கும்பிட்டார்கள், திரும்பிவிட்டார்கள். அலுப்பையும் மீறி முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

நாங்கள் போன இடத்தில் சிலுவையின் ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம். நல்ல பிரசங்கங்கள்தான். ஆனால் மூன்று மணிக்கு வெயிலில் வந்து நின்றபோது, எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறொரு கணக்கு. இத்தனை வருஷ விசுவாச வாழ்க்கையில் காதால் கேட்டது ஏராளம். கைநீட்டிக் கேட்டது அதைவிட ஏராளம். பார்த்தது என்ன?

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், மூன்றாம் அதிகாரம் முடிகிற இடத்தில், இதைத்தான் பேசுகிறார். முகத்திரையை எடுத்துவிட்டுக் கிறிஸ்துவின் மகிமையைப் பார்த்துக்கொண்டிருப்பவர், பார்க்கப் பார்க்க அவருடைய சாயலுக்கு மாறிப்போகிறார் என்பது அவர் சொல்வதன் சாரம். கவனித்தால், மாறு என்ற கட்டளை அங்கே கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்யவேண்டிய முயற்சி எதுவும் கிடையாது. மாற்றம் நம் கைவேலை இல்லை. பார்ப்பது மட்டும்தான் நம் பங்கு.

சபை வேலை பார்க்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற ஒரு வாக்கியம் உண்டு: "ஆவியில ஒரே வறட்சியா இருக்கு." ஞாயிறுபள்ளி ஆசிரியை சொல்வார், பாடகர் குழுக்காரர் சொல்வார், சில சமயம் ஐயரே சொல்வார். கை வைத்தியமாக நாம் வைத்திருப்பது உபவாச ஜெபம், முழு இராத்திரி ஜெபம், வெளியூர்ப் பிரசங்கியாரைக் கூப்பிட்டு மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். இவற்றைக் குறை சொல்லவில்லை. அழகர் இறங்குவதற்காக வைகை அணையைத் திறந்துவிடுகிறார்கள். திருவிழா நாட்களில் ஆறு ஆறாகவே இருக்கிறது. மதகை மூடியபின் அதே மணல், அதே கருவேலம். எழுப்புதல் கூட்டங்களில் எனக்கு நேர்ந்தது அதுதான். கூட்டம் முடிந்த வாரம் நான் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்: என் தீர்மானங்கள், என் தோல்வி, என் அனல் இன்னும் இருக்கிறதா என்ற சோதனை. தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவன் எதன் சாயலாக மாறுவான்?

மோசேயின் கதை இந்த இடத்தில் பொருந்துகிறது. பொன் கன்றுக்குட்டி விவகாரம் முடிந்த கையோடு, ஜனங்களின் முறுமுறுப்பில் வெந்துபோயிருந்த ஒரு தலைவர் கடவுளிடம் கேட்டது ஓய்வை அல்ல. உம் மகிமையைக் காட்டும் என்றார். யாத்திராகமம் 33இல் இருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் மலையை விட்டு இறங்கும்போது அவர் முகம் ஒளிர்ந்தது. தன் முகம் ஒளிர்வது அவருக்கே தெரியாது என்று ஒரு குறிப்பையும் வேதம் சேர்த்து வைத்திருக்கிறது. சாட்சிக் கூட்டங்களில் மைக்கைப் பிடித்தவுடன் தன் பிரகாசத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குறிப்பு எனக்கு ஞாபகம் வரும்.

இந்த மதுரையில் பார்த்துப் பழகிய ஒருவர் 400 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார். ராபர்ட் தெ நொபிலி 1606இல் இங்கே வந்தார். ரோமில் பிரபு குலத்தில் பிறந்தவர், மண் வீட்டில் குடியேறினார், காவி உடுத்தினார், ஒரு வேளை மரக்கறி உணவு உண்டார், தமிழும் வடமொழியும் கற்றார், தத்துவ போதகர் என்று அறியப்பட்டார். பள்ளிக்கூடத்தில் இவ்வளவுதான் சொல்லித் தருவார்கள். அவர் இயேசு சபைத் துறவி என்பதில்தான் நம் விஷயம் இருக்கிறது. அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளை அதன் துறவிகள் எல்லாரும் செய்தாக வேண்டும். 1548இல் போப் ஒப்புதல் பெற்ற அந்தப் பயிற்சியில் கோட்பாடு கொஞ்சம், காட்சி அதிகம். கிறிஸ்துவின் பிறப்பைத் தியானிப்பவர் நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் பாதையை மனக்கண்ணால் பார்க்கவேண்டும்: எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமதரையா, மேடு பள்ளமா என்று. குகை உயரமா, குனிந்து நுழையவேண்டுமா என்று. அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு ஏவல் செய்யும் எளிய வேலையாளாகத் தானும் அங்கே ஒரு ஓரத்தில் நிற்கவேண்டும்.

நொபிலிக்கு அது தேவைப்பட்டிருக்கும். சொந்தத் திருச்சபைக்காரர்களே அவர்மேல் புகார் எழுதினார்கள். விசாரணை கோவாவுக்குப் போய், ரோமாபுரிக்கும் போய், 1623இல்தான் போப் பதினைந்தாம் கிரகோரி அவர் முறைக்கு அனுமதி தந்தார். 1640இல் மதுரையில் சிறைப்பட்டார். முதுமையில் பார்வை மங்கியது. மதுரையிலிருந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து மயிலாப்பூர். கண் ஏறக்குறைய முழுசாகவே போன நிலையிலும் சொல்லச் சொல்ல எழுதவைத்துத் தன் நூல்களைச் செப்பனிட்டார், 1656இல் இறந்தார். நாற்பது வருஷம் மனக்கண்ணைப் பழக்கியவருக்கு, இருட்டில் பார்ப்பதற்கு ஏதோ மிச்சம் இருந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

ஆனாலும் நொபிலியிடம் எனக்கு ஒரு தீராத வழக்கு இருக்கிறது. குகையின் உயரத்தைக்கூட மனக்கண்ணால் அளந்து பழகிய மரபில் வந்தவர் சாதியைத் தொடாமல் விட்டுவிட்டார். உயர்ந்த சாதியாருக்கு ஒரு வகைச் சந்நியாசி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று ஏற்பாடு ஆனது. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரைப் பார்த்துக்கொண்டே இதை எப்படிச் செய்ய முடிந்தது? எந்த மகிமையைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம் என்று இங்கேதான் எனக்குப் படுகிறது.

மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் மறுரூப மலையைச் சொல்கிறார்கள்: முகம் சூரியனாக, உடை வெண்மையாக. அந்த மலைக்குப் போன சீஷர்கள் மூவரில் யோவானும் ஒருவர். ஆனால் யோவான் பெயரில் உள்ள சுவிசேஷத்தில் அந்த மலையே இல்லை. அதே சமயம், மகிமை மகிமை என்று மற்ற மூன்றையும்விட அதிகம் பேசுவது அந்தச் சுவிசேஷம்தான். எங்கே பேசுகிறது? பதின்மூன்றாம் அதிகாரத்தில் இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவுகிறார். யூதாஸ் அப்பத்துண்டை வாங்கிக்கொண்டு இருட்டுக்குள் வெளியேறுகிறான். கதவு சாத்திய அடுத்த நொடி, இப்போது மனுஷகுமாரன் மகிமைப்பட்டார் என்ற பொருளில் இயேசு பேசத் தொடங்குகிறார். காட்டிக்கொடுக்க ஆள் கிளம்பிவிட்டான், சிலுவை உறுதியாகிவிட்டது. அதற்குப் பெயர் மகிமை. கால் கழுவிய ஈரம்கூடக் காய்ந்திருக்காது.

இதைப் படித்தபின் மேடை ஒளியில், எல்ஈடி திரையில், புகை எழுப்பிக் காட்டப்படும் மகிமைமேல் எனக்கு ஐயம் வந்துவிட்டது. பளபளப்பைப் பார்ப்பவன் பளபளப்புக்குத்தான் ஆசைப்படுவான். துண்டு கட்டியவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் கை தானாகத் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேடும்.

அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவுவை ஊரெல்லாம் பறட்டை அண்ணன் என்றுதான் சொல்லும். 2005இல் காலமானார். நாட்டுப்புற மெட்டில் திருவழிபாடே செய்தவர்; கடவுளை "பெத்தவரே" என்று கூப்பிட்டவர். அவர் இறையியலின் நடுவில் இருந்தது ஒரு உலை. தனித்தனி அடுப்பை அணைத்துவிட்டு ஒரே உலையில் பொங்கி எல்லாச் சாதியும் சேர்ந்து உண்பதுதான் அவருக்கு நற்கருணையின் பொருள். நொபிலி விட்ட இடத்தில், அதே மதுரையில், அதே கிறிஸ்துவைப் பார்த்து இன்னொருவர் கண்டது இது. இரண்டு பேரில் யார் ஆழமாகத் தியானித்தார் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அதிகத் தெளிவாகப் பார்த்தவர் யார் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

இங்கிலாந்தில் ஜான் ஓவன் என்ற பியூரிட்டன் போதகர் கிறிஸ்துவின் மகிமையைப் பற்றியே தன் கடைசிப் புத்தகத்தை எழுதினார். பதினொரு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். 1683 ஆகஸ்டில் அவர் இறந்த அன்று, புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது என்று நண்பர் வந்து சொன்னாராம். சந்தோஷம், ஆனால் இதுவரை பார்க்காத விதத்தில் அதைப் பார்க்கப்போகிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னார் ஓவன். அடுத்த ஆண்டு புத்தகம் வந்தது. கடினமான நடை, நான் துண்டு துண்டாகத்தான் படித்திருக்கிறேன்.

எனக்குப் புரிகிற விதத்தில் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் சபையில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். எல்லாருக்கும் அத்தை. ஆராதனைக்கு அரை மணி முன்பே வந்து, மின்விசிறிக்குக் கீழே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். பிரசங்கக் குறிப்பு என்று நினைத்திருந்தேன்.

"என்னத்த, ஐயர் வர்றதுக்கு முந்தியே எழுதுறீங்க?"

"மாற்கு அஞ்சாம் அதிகாரம் தம்பி. வாரத்துக்கு ஒரு சம்பவம் பாத்து எழுதிக்கிருவேன். எழுதுனாத்தான் கண்ணு நிக்குது."

பெரும்பாடுள்ள பெண்ணின் கதை. யவீருவின் மகள் சாகக்கிடக்கிறாள். இயேசு அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார். நடுவழியில் பன்னிரண்டு வருஷ இரத்தப்போக்கோடு ஒரு பெண் அவர் உடையைத் தொட்டுவிடுகிறாள். நோட்டில் ஒரு வரிக்குக் கீழே நீல மையில் இரண்டு கோடு போட்டிருந்தார் அத்தை. அவள் தன் கதை முழுவதையும் சொன்னாள் என்ற வரி அது.

"முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தேன் தம்பி. இப்படி ஒரு டாக்டரப் பாத்ததில்ல. எமர்ஜென்சி கேசு அங்க காத்துக் கெடக்கு. இவரு ஓபி கேச நிக்க வச்சு, நீ சொல்லும்மான்னு முழுசாக் கேக்குறாரு. பன்னண்டு வருஷக் கத. எம்புட்டு நேரமாயிருக்கும்? கூட்டம் மொணமொணன்னிருக்கும். அவரு கேட்டுக்கிட்டு நிக்கிறாரு."

எத்தனையோ பிரசங்கத்தில் இந்தப் பகுதியைக் கேட்டிருக்கிறேன். விசுவாசத்தின் வல்லமை என்பார்கள், தொட்டவள் சுகமானாள் என்பார்கள். அவர் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை யாரும் எனக்குக் காட்டியதில்லை. அத்தை முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வேலையில் இருந்த காலத்தில் நோயாளிகளைப் பேச விடாமல் ஊசியைப் போட்டுத் தள்ளிவிட்டதாகவும், இப்போது தெருவில் யாராவது பேச ஆரம்பித்தால் பையைக் கீழே வைத்துவிடுவதாகவும் வேறெதையோ சொல்வதுபோல் சொன்னார். தான் மாறியிருப்பதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. கால் வலிக்கிறது, பையைக் கீழே வைக்கிறேன் என்றுதான் காரணம் சொன்னார்.

இதை ஐயரிடம் சொல்லி ஒரு விண்ணப்பம் வைத்தேன். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சீட்டுகளை வாசிக்கத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது: மூட்டு ஆபரேஷன், நீட் தேர்வு, சவூதி விசா, வீட்டு லோன், வரன். எல்லாம் நிஜமான பாரங்கள். அவற்றுக்கு முன்னால், எதையும் கேட்காமல், சுவிசேஷத்தில் ஒரு சம்பவத்தை மெதுவாக வாசித்துப் பார்த்துக்கொண்டு உட்கார இருபது நிமிஷம் ஒதுக்கலாமே என்றேன்.

"ஒன்பது மணிக்கு மேல திருமங்கலம் பக்கம் போறவங்களுக்கு பஸ் சிரமம் தம்பி," என்றார் ஐயர். யோசித்துவிட்டுப் பத்து நிமிஷம் தந்தார். அந்தப் பத்து நிமிஷம் முடிவதைக் கணக்குப் பார்த்து ஏழே காலுக்கு வந்து சேருகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வாரம் யோவான் ஒன்பது, பிறவிக்குருடன்.