ஒடுக்குகிறவன்

1

வீடியோ கேம் என்பதை நம் இலக்கியப் பத்திரிகைகள் இன்னும் பையன்களின் பொழுதுபோக்கு என்ற அளவில்தான் பார்க்கின்றன. சினிமாவையும் ஒரு காலத்தில் இப்படித்தான் பார்த்தோம். அதன் கலைத் தகுதி பற்றி இங்கே வாதிட உத்தேசமில்லை. ஆனால் அந்தத் துறையில் எழுந்திருக்கும் ஒரு பிரச்னை ஏட்டையும் அச்சையும் நம்பி வாழ்ந்த நமக்கு மிகப் பழையது. நாம் முடிக்காமல் விட்ட ஒரு விவாதம் வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

ஒரு விளையாட்டு விற்பனைக்கு வரும்போது, அதன் கார்ட்ரிட்ஜிலோ டிஸ்க்கிலோ, விளையாடுகிறவன் கண்ணில் ஒருபோதும் படாத பல விஷயங்கள் தங்கிவிடுகின்றன. வழி அடைபட்ட அறைகள், எந்தப் பாத்திரமும் பேசாத வசனங்கள், பாதி வரைந்து விட்ட முகங்கள், வேறொரு முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கதையின் துண்டுகள். காரணம் எளிமையானது. ஒன்றை நீக்குவதென்று முடிவு செய்த பிறகும் நிரல் எழுதுகிறவர்கள் அதை அழிப்பதில்லை. அதற்குப் போகும் பாதையை மட்டும் அடைத்துவிடுகிறார்கள். ஒன்றை உருவி எடுத்தால் அதன்மேல் சாய்ந்து நிற்கிற வேறு எது சரியும் என்பது, கெடு நெருங்கிய கடைசி வாரத்தில் யாருக்கும் நிச்சயமில்லை. ஆகவே அது உள்ளேயே கிடக்கிறது. இப்படிக் கிடப்பவற்றைத் தோண்டியெடுத்துப் பட்டியலிடுவதையே வேலையாகக் கொண்ட, சம்பளம் வாங்காத ஒரு கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. அவர்களுடைய சிரத்தை சாதாரணமானதல்ல. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் சிரத்தைதான் அது.

கேள்வி இதுதான்: கழிக்கப்பட்டது படைப்பில் சேர்ந்ததா? அதை வெளியே எடுக்கிறவன் செய்வது பக்தியா, அத்துமீறலா?

2

சிருஷ்டி என்றால் ஆக்குவது என்றே எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆசிரியன் என்பவன் ஆக்கியவன். இந்த எண்ணத்தை நம் மரபுக்குள்ளேயே கடுமையாக மறுத்த ஒருவர் உண்டு. விருத்தாசலத்திலிருந்து அரியலூர் போகும் ரயில் பாதையில் உள்ள பெண்ணாடம் அவர் பிறந்த ஊர் என்பது சைவ மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரைச் சொல்கிறேன். பன்னிரண்டே சூத்திரங்களில் அடங்கிய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்திலேயே அவர் எடுத்துக்கொள்வது, உலகத்துக்கு முதல்வன் யார் என்ற கேள்வியை. தோன்றுதல், நிலைத்தல், ஒடுங்குதல் என மூன்று தொழில்கள் உள்ள உலகில், தோற்றுவிக்கிறவனையும் காக்கிறவனையும் ஒதுக்கிவிட்டு, ஒடுக்குகிறவனையே முதல்வன் என்று அவர் நிறுவுகிறார். ஒடுங்கியது எங்கே ஒடுங்கியதோ அங்கிருந்துதான் மறுபடி தோன்ற முடியும். எல்லாம் ஒடுங்கிய பிறகும் ஒடுங்காமல் எஞ்சி நிற்பவன் யாரோ அவனிடமே தோற்றத்தின் அதிகாரமும் இருக்கும் என்பது வாதம். ஊர்க்கோயிலின் மூர்த்திக்குப் பிரளயகாலேஸ்வரர் என்று பெயர் இருப்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

தத்துவத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்துக் கலை விசாரணைக்கு இழுத்துவருவதில் அபாயம் உண்டு. மெய்கண்டாரின் அக்கறை உயிர்களின் மலம் பற்றியது. கவிதையின் திருத்தப் பிரதி பற்றியதல்ல. இருந்தாலும் அவருடைய வாதத்தின் அமைப்பு நமக்கு உதவுகிறது. ஒரு படைப்புக்கு ஆசிரியன் யார் என்று கேட்டால், அதில் உள்ளதை எழுதியவன் யார் என்பதோடு நிறுத்தாமல், அதில் இல்லாததை இல்லாமல் ஆக்கியவன் யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. எழுதிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வரிகள் எங்கிருந்தோ வந்துவிடுகின்றன. பாதி வேளை அவை பிறர் வரிகளின் எதிரொலி. அடிக்கிற கை மட்டும் நம்முடையது.

இதை ஒப்புக்கொண்டால் முதலில் கேட்க வேண்டியது, ஒடுக்கியவன் யார் என்பது. கழிக்கப்பட்டவை எல்லாம் ஒரே ஜாதி அல்ல.

3

மெய்கண்டாரிலிருந்து நான்காவதாக வரும் ஆசிரியர் உமாபதி சிவம். அவர் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணத்தில் ஒரு காட்சி வருகிறது. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து பார்த்தால் தேவார ஏடுகளைப் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் வார்த்துப் புற்றைக் கரைத்து எடுத்தபோது பெரும்பகுதி அரித்துப் போயிருக்கிறது. சோழ அரசன் மனம் உடைகிறான். அப்போது அசரீரி கேட்கிறது: இந்தக் காலத்துக்கு வேண்டியவற்றை வைத்துவிட்டு மீதியை நாமே செல்லரிக்கச் செய்தோம் என்று.

இழப்பைத் தாங்கிக்கொள்ள மனிதர்கள் கண்டுபிடித்த ஆறுதல்களில் இதைவிடப் பூரணமானது கிடையாது. கறையான் செய்ததை ஆசிரியன் செய்ததாக அது மாற்றிவிடுகிறது. கிடைத்திருக்கும் சுமார் 800 பதிகங்கள் தற்செயலின் மிச்சம் என்ற நிலை போய், தேர்ந்தெடுக்கப்பட்ட தொகை என்ற அந்தஸ்தைப் பெறுகின்றன. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில், திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் சம்பந்தர் பதிகம் ஒன்று அகப்பட்டது. ஏடுகளில் இல்லாதது அது. யாரும் அதைக் காலத்துக்கு வேண்டாதது என்று தள்ளவில்லை, பதிப்புகளில் சேர்த்துக்கொண்டார்கள். அசரீரியை நம்புகிறவர்களே அதைப் பாராயணமும் செய்தார்கள். கறையானின் தீர்ப்பு ஆசிரியனின் தீர்ப்பு ஆகாது என்பதைப் பக்தர்களின் காரியம் ஒப்புக்கொண்டுவிட்டது.

கறையானுக்கும் ஆசிரியனுக்கும் நடுவே இன்னொருவன் உண்டு: நிர்வாகி. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழுதுபட்ட ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகத் தமக்குச் சொல்லப்பட்டதை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். அழித்தவர்களுக்கு அது முறையான காரியமாகவே பட்டது. அவர்கள் ஏட்டில் உள்ளதைப் படிக்கவில்லை என்பதே விஷயம்.

வீடியோ விளையாட்டுகளில் பெரும்பாலான நீக்கங்கள் இந்த நடு ஆளின் கைங்கரியம். 1996இல் வந்த ‘சூப்பர் மாரியோ 64’இல் தம்பி லூயிகிக்கு இடமில்லை. கருவியின் நினைவகம் போதாததால் அவனை விட்டார்கள். இருபத்துநான்கு வருஷங்களுக்கு அவன் எங்கோ ஒளிந்திருக்கிறான் என்று ஒரு தலைமுறை நம்பித் தேடியது. மங்கலான ஒரு கல்வெட்டு எழுத்தைக்கூட அதற்கு ஆதாரமாகக் காட்டியது. 2020 ஜூலையில் நின்டெண்டோவின் உள்கோப்புகள் திருட்டுத்தனமாக வெளியானபோது லூயிகியின் உருவத் துண்டுகள் உண்மையிலேயே அவற்றில் இருந்தன. நம்பியவர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அவர்கள் தேடியது கடையில் வாங்கிய கார்ட்ரிட்ஜில். கிடைத்தது பிறர் பெட்டியை உடைத்ததில். தோண்டுவதற்கும் திருடுவதற்கும் உள்ள எல்லை அந்தக் கொண்டாட்டத்தில் அழிந்துபோனதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

4

ஆசிரியனே நீக்கியது என்றால் நிலைமை வேறு. அதை வெளியே எடுத்து, இதோ உண்மையான படைப்பு என்று காட்டுகிறவன், ஆசிரியனின் ஆகக் கடைசியான, ஆகப் பொறுப்பான செயலை ரத்து செய்கிறான்.

இதற்கு எதிராக உடனே எழும் பெயர் காஃப்கா. எரித்துவிடு என்றார், பிராட் எரிக்கவில்லை, அதனால் நமக்கு ‘விசாரணை’ கிடைத்தது. இந்த நியாயத்தைச் சொல்லி எந்த மேஜை டிராயரையும் திறந்துவிடலாம் என்று ஆகியிருக்கிறது. ஆனால் காஃப்கா தாமே எரித்திருக்கலாம். பலவற்றை எரித்தும் இருக்கிறார். எஞ்சியதை எரிக்கும் பொறுப்பை, எரிக்க மாட்டேன் என்று தம்மிடம் சொன்ன நண்பரிடமே விட்டார் என்பது பிராட் தரும் செய்தி. ஒடுக்கும் செயலைப் பிறர் கையில் விட்டவர் ஒடுக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். பாதையை அடைத்துவிட்டுப் பொருளை உள்ளேயே விடும் நிரலாளரின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

அப்படி விடுவதற்கு விலை உண்டு. 2004இல் வெளியான ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ என்ற விளையாட்டில் ஒரு பாலுறவுக் காட்சியைச் செய்து, பிறகு வேண்டாம் என்று வழியை அடைத்துவிட்டார்கள். 2005இல் வெளியாள் ஒருவர் அந்த அடைப்பைத் திறந்தார். தயாரித்தவர்கள் முதலில் இது வெளியார் செய்த விஷமம் என்றார்கள். காட்சி டிஸ்க்கிலேயே இருந்தது என்பது தெரிந்ததும் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு அதை வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது. கடைகள் திருப்பி அனுப்பின. நீக்கியதற்கு ஒருவன் பொறுப்பாளியா? அவன் வேண்டாம் என்று தீர்மானித்த ஒன்றுக்காக அவனைத் தண்டிக்கலாமா? நியாயமாகப் பார்த்தால் கூடாது. மனதில் வந்து தள்ளிய எண்ணத்துக்கு யாரும் தண்டனை பெறுவதில்லை. ஆனால் அவர்கள் எண்ணத்தைத் தள்ளவில்லை; பொட்டலத்துக்குள் வைத்து விற்றார்கள். முழுவதும் ஒடுக்காதவன் முழு ஆசிரியனாகவும் இல்லை, முழு நிரபராதியாகவும் இல்லை.

இதில் பேசப்படாத ஒரு தரப்பும் இருக்கிறது. ஒரு விளையாட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். இரண்டு வருஷம் ஒருவர் வரைந்த நகரம் ஒரு கூட்டத்தில் பத்து நிமிஷத்தில் கழிக்கப்படலாம். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதால் அதை இன்னொருவருக்குக் காட்டவும் அவருக்கு உரிமையில்லை. தோண்டுகிறவன் எடுத்துப் போடும் அந்த நகரம், அவருடைய உழைப்பு இருந்தது என்பதற்கு உலகில் உள்ள ஒரே சாட்சி. ஆசிரியனின் உரிமை என்று பேசும்போது நிறுவனத்தின் உரிமையையே காப்பாற்றிக்கொண்டிருக்கிறோமா என்ற சந்தேகம் இங்கே தவிர்க்க முடியாதது. ஒடுக்கியவன் வேறு, உழைத்தவன் வேறு என்றானால், உழைத்தவன் பக்கம் சாய்வதே நியாயம்.

5

வழி ஒன்று நம்மிடமே இருக்கிறது. அதன் நீதித் தன்மையை நாம் கவனிக்கவில்லை. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையரும் அவர் போன்றவர்களும் பல பிரதிகளை ஒப்புநோக்கி ஒரு பாடத்தைத் தேர்ந்தார்கள். தள்ளிய பாடத்தை எறிந்துவிடவில்லை. பிரதிபேதம் என்று பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டார்கள். இதைப் பண்டித வழக்கம் என்று கடந்துபோய்விடுகிறோம். அது ஒரு தார்மிக ஏற்பாடு. தேர்ந்தது மேலே, தள்ளியது கீழே, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. தள்ளப்பட்டது அழியவும் இல்லை, தேர்ந்ததன் இடத்தைப் பறிக்கவும் இல்லை. தள்ளியவன் தன் முடிவைப் பிறர் சரிபார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறான். புதுமைப்பித்தன் இறந்து ஐம்பது வருஷம் கழித்து, 1998இல், தொகுக்கப்படாமல் கிடந்தவை ‘அன்னை இட்ட தீ’ என்ற தனி நூலாக ஆ.இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் வந்தன. முற்றுப்பெறாத நாவல் முற்றுப்பெறாததாகவே நின்றது. கதைகளின் தொகுதி பிறகு, 2000இல், தனியே வந்தது. கோடு எங்கே போடுவது என்று தெரிந்த காரியம்.

கோடு இல்லாத மீட்பு எளிது, இனிது. டொரோண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெண் தன் தாயின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன பகுதிகளை ஊகித்துச் சமைக்கிறாள். நல்ல படைப்பு, புலம்பெயர்ந்த வாழ்வின் மௌனம் அதில் இருக்கிறது. ஆனால் அதில் ஊகம் தவறினால் மறுபடி செய்யலாம், சரியானால் சரி என்று விளையாட்டே சொல்லிவிடும். உண்மையான ஏடு எந்த ஊகத்தையும் சரி என்று சொல்வதில்லை. கோடும் அடிக்குறிப்பும் வேண்டியிருப்பது அதனால்தான்.

6

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளும் மின்சாரச் சாமான்களும் செய்கிறார்கள். இந்தத் தொழிலில் அச்சில் வார்த்த உருவம் சரியாக வராவிட்டால், சுடுவதற்கு முன்னால் என்றால் தண்ணீரில் கரைத்து மறுபடி கூழாக்கிவிடலாம். தவறு நடந்த சுவடே இராது. சூளையில் வெந்த பிறகு அது முடியாது. கோணலானது கோணலாகவே சில்லாகக் குவியும். பல நூற்றாண்டுகள் கழித்துத் தோண்டுகிறவனுக்குக் கிடைப்பது அதுதான்.

கார்ட்ரிட்ஜ் சுட்ட மண். அதில் பதிந்ததை நிறுவனமே நினைத்தாலும் மாற்ற முடியாது. தோண்டுகிறவர்களின் கலை முழுவதும் அந்தச் சூளையை நம்பி வளர்ந்தது. இப்போது விளையாட்டுகள் கம்பி வழியே வருகின்றன. விற்ற பிறகும் நிறுவனத்தின் கையிலேயே ஈரமாக இருக்கின்றன. 2014இல் இலவசமாக வெளியிடப்பட்ட ‘பி.டி.’ என்ற சிறு விளையாட்டை மறு வருஷமே கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே இறக்கிவைத்திருந்த கருவிகளில் மட்டும் அது எஞ்சியது. காசு கொடுத்து வாங்கிய ‘தி க்ரூ’ 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை நிறுத்தியதோடு யாரும் ஆட முடியாததாயிற்று. கழித்ததை மட்டுமல்ல, பிரசுரித்ததையே சுவடில்லாமல் கூழாக்கும் வசதி வந்திருக்கிறது. புத்தகமும் பத்திரிகையும் அதே கம்பி வழியே வரத் தொடங்கியிருக்கும்போது இது பையன்களின் பிரச்னை என்று இருந்துவிட முடியாது.

ஒடுக்குகிறவனே முதல்வன் என்றால், இந்த வசதி யார் கையில் இருக்கிறதோ அவனே இனி ஆசிரியன். மெய்கண்டாரின் முதல்வன் ஒடுக்கியது மறுபடி தோன்றுவதற்காக; உயிர்களின் பொருட்டாக. சர்வரை நிறுத்துகிறவனுக்கு அப்படி ஒரு கடமை இல்லை. எழுதியவன் அடித்த வரியை மதிக்கத்தான் வேண்டும். கணக்குப் பார்த்து இன்னொருவன் அடித்ததற்கு அந்த மதிப்பைத் தரக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்தறியும் சிரமத்தை நமக்காகப் பட்டுக்கொண்டிருப்பவர்கள், கூலியில்லாமல் சில்லுகளைப் பொறுக்கி எண்ணிட்டு வைக்கும் அந்தச் சிலர். அவர்களுக்கு இல்லாதது அடியில் போடும் அந்தக் கோடு ஒன்றுதான். அதைக் கொடுக்க வேண்டிய மரபு நம்முடையது.